வாயில் தையல் இருந்த ஆறு நாள்

சார், தண்ணிப் பாட்டலைச் சும்மா கையில புடிச்சுட்டு உக்காந்திருந்தா ஆகாதுங்க. குடிங்க. முழுசாக் குடிச்சு, இனி ஒரு நிமிசம் கூடத் தாங்காதுங்கற வரைக்கும் அடக்கி வெச்சாத்தான் அந்த ரூமுக்குள்ள கூப்புடுவாங்க. அரைகொறையாப் போனா ஒண்ணுக்கு வேகத்த அளக்கற மிஷின் ஒத்துக்காது. திரும்ப மொதல்ல இருந்து குடிக்கோணும். எனக்கு மொதத் தடவ அப்படித்தான் ஆச்சு. அவசரப்பட்டுப் போயி நின்னு, நாலு சொட்டு உழுந்து, அந்த நர்சம்மா என்னைப் பாத்த பார்வை இருக்குதே.

நான் நிக்கறனேன்னு நீங்க எந்திரிக்க வேண்டாங்க. எனக்கு உக்கார முடியாது, அவ்வளவுதான். மூணு பாட்டல் குடிச்சிருக்கறன். எம்பட நெம்பரு இருபத்தொம்பது. இப்பத்தான் இருபத்தி மூணு உள்ள போயிருக்குது. உங்களுது? முப்பத்தொண்ணுங்களா. அப்ப எனக்குப் பொறவுதான். நிதானமாக் குடிங்க.

தனியாவா வந்தீங்க? ஊட்ல சொல்லலீங்களா? சரி சரி. நான் ஒண்ணும் கேக்கலீங்க. நானும் ஏழு வருசம் சொல்லாம இருந்தவந்தான். இப்ப எம்பட ஊட்டுக்காரி கூட வந்திருக்கறா. சம்பூரணம்னு பேரு. பழைய பைலை எடுத்துக் குடுக்கற கவுண்டர்ல கீழ நிக்கறா, பெரிய வரிசை. அவ மேல வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். அவ பண்ணுனது நாயமா இல்லியான்னு நீங்கதான் சொல்லோணும். வாத்தியாருன்னு சொன்னீங்கல்லோ. பசங்க பஞ்சாயத்து தெனமும் பாக்கறவங்க, உங்களுக்குத் தெரியும்.

எம்பேரு அர்த்தநாரிங்க. சங்ககிரிப் பக்கம். லாரி டிரைவரு. இருபத்தி ஆறு வருசம் ஸ்டீரிங்கு புடிச்சிருக்கறன், ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. குஜராத்து, ஒரிசா, பஞ்சாப்பு, எங்க வேணா கேளுங்க, இந்த அர்த்தநாரி மேல ஒரு கேசு இருக்காது.

ஆரம்பிச்சது தாபாவுலதானுங்க. நாலு டிரைவருங்க வண்டிய நிறுத்திட்டு வரிசையா வேலியோரம் போயி நிப்பம். அவங்க மூணு பேரும் முடிச்சு, கை கழுவி, ரொட்டிக்குச் சொல்லி, ரொட்டியும் வந்துரும். நான் இன்னும் வேலியப் பாத்துட்டு நிப்பன். நூலாட்ட வருமுங்க. சில நாளு ரெண்டாப் பிரிஞ்சு வந்து ஒண்ணு செருப்பு மேல உழும். முக்கோணும், வயித்த அமுக்கோணும். முடிஞ்சுதுன்னு நெனச்சு வண்டியேறுனா, சாவி போடறதுக்குள்ள மறுக்கா வர்றாப்பல இருக்கும். உங்களுக்கும் அப்படித்தானுங்களா? வாயில சொல்ல வேண்டாம், சும்மாத் தலைய ஆட்டுங்க. ஆமா. தெரியும்.

நான் என்ன நெனச்சன், சூடுன்னு நெனச்சன். எஞ்சினு பக்கத்துலயே உக்காந்து உக்காந்து ஒடம்புல சூடு ஏறிப்போச்சுன்னு. மோரு குடிச்சன். வெந்தயம் தின்னன். எண்ணெ தேச்சுக் குளிச்சன். ஒண்ணும் கேக்கல. அப்பறம் தண்ணி குடிக்கறதையே கொறச்சுட்டனுங்க. உள்ள போனாத்தானே வெளிய வரோணும்? சித்திரை வெயில்ல நாகப்பூர் ரோட்ல நாக்கு ஒட்டிக்கும், அப்பவும் குடிக்க மாட்டன். மாதேசுன்னு கூட ஓட்டறவன் ஒருத்தன், தருமபுரிக்காரன், "அண்ணா, எதுக்குண்ணா இப்படி வறுத்துக்கற"ன்னு கேப்பான். "உன் வேலையப் பாரு"ம்பன்.

அடிக்கடி காய்ச்சல் வேற. குளிரு தூக்கிப் போடும், ஒண்ணுக்கு எரியும், மாத்திரை போட்டா நிக்கும், மறு மாசம் வரும். எங்கூர் டாக்டரு கல்லா இருக்கும்னாரு. வாழத்தண்டுச் சாறு. அன்னையில இருந்து தெனமும் காத்தால அந்தச் சாறு, சம்பூரணந்தான் இடிச்சுக் குடுப்பா. கல்லு இருந்தாத்தானே கரையறதுக்கு?

இருங்க. இருவத்தி நாலு கூப்புட்டாங்களா? இல்லியா. யாரோ தும்முனாங்க.

அப்பறம் நாமக்கல்லுல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனன். தனியாத்தான். பைபாஸ்ல லோடு இருக்குதுன்னு ஊட்ல சொல்லிட்டு. அங்க ஒரு டாக்டரு பாத்துட்டு, ஒண்ணுக்குப் பாதையில கம்பி விட்டாருங்க. மரத்துப் போற மருந்து வெச்சுத்தான் விட்டாரு, ஆனாலும் அந்த மேசைக் காலைப் புடிச்சன் பாருங்க, வெரல் நகம் நீலமாப் போச்சு. சின்னக் கம்பி, அப்பறம் கொஞ்சம் பெருசு, அப்பறம் இன்னும் பெருசு. "பாதை சுருங்கியிருக்குதுங்க, இப்ப விரிச்சு விட்டிருக்கறன். இது திரும்பச் சுருங்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க"ன்னாரு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து போனன் பாருங்க ஒண்ணுக்கு! குழா தொறந்த மாதிரி. அந்தச் சத்தத்தக் கேட்டு நானே சிரிச்சுட்டன். அஞ்சு மாசம் ராஜாவாட்ட இருந்தன். அப்பறம் மறுக்கா நூலு.

அந்த டாக்டருகிட்டயே போயிருக்கலாந்தானுங்க. ஆனா அந்த ஆளு ஒரு கேள்வி கேட்டுட்டான். நான் லாரி டிரைவருன்னு சொன்ன உடனே பேனாவ மூடி வெச்சுட்டு, "வெளிய பழக்கம் ஏதாவது உண்டுங்களா?"ன்னான். ஆருகிட்ட? எங்கிட்ட. சார், சத்தியமாச் சொல்றன், எங்கொழந்தைங்க மேல ஆணையாச் சொல்றன், அந்த மாதிரி ஒரு நாளு கூட இல்லீங்க. ரோட்ல எத்தன பாத்திருப்பன், கண்ணாடிய ஏத்தி உட்டுட்டுத் தூங்குவன். அந்த டாக்டரு கேக்கறதுக்குக் காரணம் இருக்குதுன்னு இப்பத் தெரியுது. அந்த மாதிரி நோவு வந்தாலும் உள்ள தழும்பு விழுந்து பாதை சுருங்குமாம். ஆனா அன்னைக்கு எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. சட்டையப் போட்டுட்டு வந்தவன் திரும்பப் போகல.

போகாம எங்க போனன்னு கேளுங்க. சேலத்துல ஒரு லாட்ஜு. செவுத்துல எல்லாம் நோட்டீசு ஒட்டியிருப்பாங்கல்லோ, மாசம் ரெண்டு நாளு வந்து ரூம் போட்டு உக்காந்திருக்கற வைத்தியரு. அவரு ஒண்ணுமே கேக்கலீங்க. அதுதான் எனக்குப் புடிச்சுது. நாடியப் புடிச்சாரு, "நரம்பு"ன்னாரு, ஒரு டப்பா லேகியம் குடுத்தாரு. ஒரு வருசத்துக்கு மேல அதத் தின்னன். கரும்புச் சக்கையக் கரியாக்குன மாதிரி ருசி.

இப்பத்தான் சார், சம்பூரணம் விசயம் வருது.

ஊட்ல நான் வெளிய கட்டில் போட்டுப் படுக்க ஆரம்பிச்சுட்டன். புரியுதுங்களா? படிச்சவங்க, புரிஞ்சிருக்கும். கிட்டப் போனா வலிங்க. போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு எரிச்சல். அதோட ராத்திரியில ஏழெட்டுத் தடவ எந்திரிக்கறவன் உள்ள படுத்தா அவளுக்கும் தூக்கம் கெடும். அவ நல்லதுக்குத்தான் வெளிய படுத்தன். எம்பட உள்துணிய நானே தொவச்சுக்குவன், சொட்டு உழுந்து நனைஞ்சிருக்கும்லோ, அவ கையில குடுக்கக் கூச்சம். இத்தனையும் எதுக்கு? அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு. வேற எதுக்கு?

ஒரு நாளு அவ எம்பட பைய ஒதறறப்ப அந்த லேகியம் டப்பா உழுந்திருக்குது. மேல என்ன எழுதியிருந்துச்சுன்னா, ஆண்மை அப்படி இப்படி, ரகசிய நோய் அது இதுன்னு. நான் சாப்பிட உக்காந்தன். எதுக்க வந்து நின்னா. "ஏனுங்க, எங்கிட்டச் சொல்ற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். சத்தமில்ல, அழுகையில்ல. எனக்கு அந்த டாக்டரு மூஞ்சி ஞாபகம் வந்துருச்சு. "எத வெச்சுக் கேக்கற?"ன்னு சொம்பக் கீழ வெச்சன். கொஞ்சம் வேகமா வெச்சதுல செவுத்துல பட்டு நெளிஞ்சிருச்சு. எறிஞ்சன்னு அவ சொல்லுவா. வெச்சன்.

அதுக்கப்பறம் அவ கேக்கவே இல்ல. நாலு வருசம். கேட்டிருக்கலாமல்லோ? ரெண்டாந்தடவ நல்ல மாதிரியாக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். சொல்லியிருப்பன்னுதான் நெனைக்கறன். ஆனா வாழத்தண்டுச் சாறு மட்டும் நிக்காம வந்துச்சு.

இருவத்தி அஞ்சு. பாருங்க, நாலு எப்பப் போச்சுன்னே தெரியில. நானு அந்தத் தூணு வரைக்கும் நடந்துட்டு வந்தர்றன், நீங்க எடத்தப் பாத்துக்குங்க... ஆ. ஒண்ணுமில்ல. நடந்தாத் தேவலை.

எங்க உட்டன்? ஆங். போன வருசத்துக்கு முந்தின வருசம், நாசிக்குல இருந்து வெங்காய லோடு. கிருஷ்ணகிரி தாண்டலீங்க, மத்தியானம் ரெண்டு மணி, சுங்கச்சாவடியில வண்டி அரை மைலுக்கு நிக்குது. காலையில ஆறு மணிக்குப் போனதுதான். எட்டு மணிக்கு எறங்கி நின்னன், வரல. பத்து மணிக்கு ரெண்டு சொட்டு. பன்னெண்டுக்கு அதுவுமில்ல. வயிறு கல்லாட்ட ஆயிருச்சு. ஸ்டீரிங்கு வந்து வயித்துல இடிக்குது. வேர்த்து ஊத்துது. சார், எனக்குக் கால் ஒடிஞ்ச வலி தெரியும், பல்லுப் புடுங்குன வலி தெரியும். அதெல்லாம் வலியே இல்லீங்க. ஒண்ணுக்கு வருது வருதுங்குது, கதவு மட்டும் தொறக்க மாட்டேங்குது. நான் கீழ எறங்கி ரோட்டுல குந்த வெச்சு உக்காந்துட்டன். மாதேசு ஓடியாந்து, "அண்ணா, என்னண்ணா?"ங்கறான். "வயித்து வலிடா, வாயு"ங்கறன். அந்த நெலமையிலயும் வாயுதான் சார் எனக்கு.

அவன் பயந்துட்டு எங்க ஊட்டுக்குப் போனப் போட்டுட்டான். "அக்கா, அண்ணனுக்கு வயித்து வலி, கண்ணு சொருகுது"ன்னான். அவ என்ன கேட்டாளாம் தெரியுங்களா? எங்க இருக்கறீங்கன்னு கேக்கல, என்ன சாப்பிட்டாருன்னு கேக்கல. "அவரு ஒண்ணுக்குப் போயி எத்தன மணி நேரம் ஆச்சு?"ன்னு கேட்டாளாம்.

மாதேசு முழிச்சிருக்கறான். "காலையில போனாருக்கா"ன்னான். "அப்ப மருந்து கடைக்கெல்லாம் கூட்டிட்டுப் போகாத. லோடு கெடந்தாக் கெடக்குது, ஆட்டோ புடிச்சு நேராப் பெரிய ஆஸ்பத்திரி போ. அவருக்கு ஒண்ணுக்கு வருசக்கணக்கா நூலாட்டத்தான் வருது, இப்ப அடைச்சிருச்சு, டியூப்பு உள்ள போகாது, அதச் சொல்லு"ன்னாளாம்.

அவளுக்கு எப்படித் தெரியும்? நான் மறைச்சு மறைச்சு வெச்சிருந்தன் சார், ஒரு ஆளுக்குத் தெரியாது. அவ பாத்ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கறா. வருசக்கணக்கா. சத்தம் எப்படி இருக்குது, எத்தன நேரம் ஆகுது, எல்லாம். ஒரு மனுசன் ஒண்ணுக்குப் போறத ஒட்டுக் கேக்கறதா? அதும் எனக்கு ஒரு வருத்தந்தான். ஆனா அதத் தாண்டித்தான் பெரிய வருத்தம் இருக்குது, சொல்றன்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில டியூப்பு போகல. அவ சொன்ன மாதிரியேதான். அப்பறம் தொப்புளுக்குக் கீழ ஒரு ஓட்டை போட்டு, மூத்திரப் பையிலயே நேரா டியூப்ப விட்டாங்க. ஒண்ணரை லிட்டரு வந்துச்சுங்க. வர வர நான் அழுதன். சந்தோசத்துலதான். அங்கிருந்த டாக்டரு காலப் புடிக்கப் போயிட்டன்.

அங்க இருந்துதான் இங்க அனுப்புனாங்க. இங்க ஒரு சின்ன டாக்டரம்மா, எம்புள்ள வயசிருக்கும். பக்கத்துல சம்பூரணம் நிக்கறா. அந்தம்மா ஒரு படம் போட்டு வெவரமாச் சொல்லுச்சு. இதபாருங்க, மூத்திரப் பை, இதுல இருந்து இந்தக் குழா வெளிய வருது, நடுவுல ஒரு எடத்துல தழும்பு விழுந்து சுருங்கிப் போச்சு. நம்ம டீசல் லைனு நசுங்குன மாதிரி, டேங்கி நெறைய இருந்து என்ன பண்றது. எதனால வருமுன்னா, அடிபட்டா வரும், முன்ன எப்பவாச்சும் டியூப்பு போட்டு அதுல கீறியிருந்தா வரும், நோவு தொத்துனா வரும், முனையில தோலு வெள்ளையாத் தடிச்சு வர்ற ஒரு வெயாதியிலயும் வரும், சிலருக்கு ஏன்னே தெரியாது. சொல்லிட்டு, "நீங்க எப்பவாவது கீழ விழுந்தீங்களா? ரெண்டு காலுக்கு நடுவுல அடிபட்ட மாதிரி?"ன்னு கேட்டுச்சு.

"இல்லீங்க. இருபத்தி ஆறு வருசத்துல ஒரு ஆக்சிடெண்டு இல்ல"ன்னன். லைசென்ச எடுத்துக் காட்டப் போனன்.

"உழுந்தாருங்க"ன்னா சம்பூரணம்.

"நான் எப்ப உழுந்தன்?"

"பதினஞ்சு வருசம் இருக்குமுங்க டாக்டரம்மா. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு. லாரிப் பேட்டையில மழையில தார்ப்பாய் கட்டறப்பக் கால் வழுக்கி, பக்கவாட்டுப் பலகை மேல ரெண்டு காலும் ரெண்டு பக்கம் போயி உழுந்தாரு. ரெண்டு நாளு ஒண்ணுக்குல ரத்தம் போச்சு. எங்கிட்ட மூலம்னு சொன்னாரு. லுங்கிய நாந்தான் தொவச்சன், ரத்தம் முன்னால இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

சார், எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நெசம். உழுந்தன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டே எந்திரிச்சன். வண்டி நின்னுட்டு இருந்துச்சுல்ல, அதான் ஆக்சிடெண்டுக் கணக்குல சேரல எனக்கு. டாக்டரம்மா உடனே எழுதிக்கிட்டு, "அதுதாங்க. உள்ள பட்ட அடி வருசம் கழிச்சுத்தான் சுருங்கும். இது வேற எந்தப் பழக்கத்துனாலயும் வந்ததில்ல"ன்னு சொல்லுச்சு. நான் நிமுந்து உக்காந்து சம்பூரணத்தப் பாத்தன், பாத்தியான்னு. அவ என்னைப் பாக்கல. அந்தம்மா போட்ட படத்தையே பாத்துட்டு இருந்தா. கண்ணுல தண்ணி நிக்குது. இதுக்கு எதுக்கு அழுகறான்னு எனக்கு வெளங்கல.

இருவத்தி ஏழுங்களா? ரெண்டு பேரு ஒண்ணாக் கூப்புட்டுட்டாங்களாட்ட இருக்குது. அப்ப சுருக்கமாச் சொல்லீர்றன்.

ரெண்டு மாசம் வயித்து டியூப்போட இருந்தன். அப்பறம் ஆப்பரேசன். எப்படிப் பண்ணுனாங்கன்னா, கம்பி விடறது, உள்ள கேமரா விட்டு வெட்டி விடறதெல்லாம் எனக்கு நிக்காது, நீளமாச் சுருங்கியிருக்குது, கன்னத்துக்கு உள்பக்கத்துத் தோல எடுத்து அங்க வெச்சுத் தெச்சிர்றம்னாங்க. நான் சிரிச்சன், எங்கயிருந்து எடுத்து எங்க வெக்கறீங்கன்னு. வாயிக்குள்ள தோலு எப்பவும் ஈரத்துல பழகுனது, அதான் அங்க தாங்கும்னாங்க. பயப்படாதீங்க, உங்களுக்கும் அதேதான்னு இல்ல, படம் எடுத்துப் பாத்துத்தான் சொல்லுவாங்க.

முழிச்சுப் பாத்தா கீழ ஒண்ணும் பெருசா வலியில்ல. வாயி! இந்தக் கன்னம் இப்படி வீங்கி, உள்ள தையலு, பஞ்சு, நாக்கத் திருப்ப முடியாது. ஆறு நாளுங்க. ஆறு நாளு ஒரு வார்த்த பேச முடியல. பேசலாம்னுதான் டாக்டருங்க சொன்னாங்க, என்னால முடியல. பொறந்ததுல இருந்து நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்ல. ஆறுன பாலு, ஐசுக்கட்டி, கரண்டியில ஊட்டுவா.

மூணாம் நாளு சாயங்காலம். வார்டுல பக்கத்துக் கட்டிலு ஆளு டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டான். அவ ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தா. "இப்ப உங்களால பேச முடியாதுல்ல, அதனால நான் பேசறன்"னா. பாருங்க சார். இதத்தான் நான் கேக்கறன். நாலு வருசமா வாயத் தொறக்காதவ, எம்பட வாயில தையலு இருக்கற நேரம் பாத்துத் தொறக்கறா.

சொன்னா. அந்த டப்பாவப் பாத்த பொறவு ஒரு வெள்ளிக்கெழம, கோயிலுக்குப் போறன்னு சொல்லிட்டு, தனியா பஸ்ஸேறி நாமக்கல்லு போயிருக்கறா. நம்பிக்கை மையம் இருக்குதுல்லோ, ரத்தம் எடுத்து அந்த எய்ட்சு நோவு இருக்குதான்னு பாக்கற எடம். அங்க.

"வரிசையில எல்லாரும் மூஞ்சிய மூடிட்டு இருந்தாங்க. நானு மூடல. நான் என்ன தப்புப் பண்ணுனன்? உள்ள இருந்த புள்ள கேட்டுச்சு, உங்க ஊட்டுக்காரரு என்ன வேலைன்னு. லாரி டிரைவருன்னன். அதுக்கு மேல அந்தப் புள்ள ஒண்ணுமே கேக்கல. அந்தக் கேக்காம இருந்ததுதான் எனக்குத் தாங்கலீங்க. மூணு மாசம் கழிச்சு மறுக்கா ஒருக்கா வரச் சொன்னாங்க. மறுக்காப் போனன். ரெண்டு தடவயும் இல்லன்னு வந்துச்சு. இல்லன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோசமே வரல. அப்ப இவரு மட்டுந்தான் சாவப் போறாருன்னு நெனச்சன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து ரெண்டு பஸ்ஸ உட்டுட்டன். உங்களுக்கும் ஒருக்காப் பாத்துரலாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு வருசம் சாறு இடிச்சன். அந்த டாக்டரம்மா தார்ப்பாய் கட்டறப்ப உழுந்ததுதான்னு சொல்லுச்சு பாருங்க, அன்னைக்குத்தான் நான் மூச்சு உட்டன்."

சொல்லி முடிச்சுட்டு மூக்கச் சிந்துனா. அவ்வளவுதான்.

என்னைச் சந்தேகப்பட்டிருக்கறா சார். நாலு வருசம்! நான் எவ்வளவு சுத்தமா இருந்தவன். எனக்கு உள்ள கொதிக்குது, சொல்லோணும், வாயி தொறக்க மாட்டேங்குது. கையக் காட்டுனன், பேப்பரு குடுன்னு. மாத்திரைச் சீட்டத் திருப்பிப் பேனாவக் குடுத்தா. நான் என்ன எழுதறதுன்னு அந்தச் சீட்டப் பாத்தன். அவளும் எம்பட கையப் பாத்துட்டே இருக்கறா.

"தண்ணி"ன்னு எழுதுனன்.

என்ன பண்றதுங்க, தாகமா இருந்துச்சு. அவ படிச்சுப் பாத்தா. எந்திரிச்சுப் போயி தண்ணி கொண்டாந்து கரண்டியில ஊத்துனா. துண்டுல தாடையத் தொடச்சு உட்டா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. வருசம் ஒண்ணு ஆச்சு, அவளும் எடுக்கல, நானும் எடுக்கல. ஆறாம் நாளு வாயி வந்துச்சு, டியூப்பு மூணு வாரத்துல எடுத்தாங்க, வயித்து ஓட்டையும் மூடிருச்சு. நல்லாப் போறனுங்க. இன்னைக்கு மிஷின்ல பாத்து, இன்னும் அப்படியே தொறந்திருக்குதா, மறுக்காச் சுருங்குதான்னு சொல்லுவாங்க. அதான் காத்தால இருந்து நிலை கொள்ளல.

சரி சொல்லுங்க. வாய் தொறக்க முடியாதவன்கிட்ட வந்து அதச் சொன்னது நாயமா? பதில் சொல்ல முடியாத எடத்துல வெச்சு? அவ வேற எப்பச் சொல்லுவாங்கறீங்களா? ம். பேசற நேரத்துலதான் நான் சொம்ப... ஆமா. அது செரிதான். எறிஞ்சன். எறிஞ்சதுதான்.

இருவத்தெட்டு. அடுத்து நாந்தான். அவ வேற படியேறி வர்றா பாருங்க, பைலை நெஞ்சோட வெச்சுட்டு. சார், ஒரு உதவிங்க. நான் உள்ள போன பொறவு அவ இங்கதான் வந்து உக்காருவா. நீங்க அவகிட்ட ஒண்ணு சொல்லுங்க. உங்க ஊட்டுக்காரரு எல்லாத்தையும் எங்கிட்டச் சொன்னாரு, அவரு மேல ஒரு தப்பும் இல்ல, நீங்க அவரச் சந்தேகப்பட்டதுதான்... வேண்டாம். அது வேண்டாங்க. அப்படிச் சொல்லாதீங்க. அந்த வெள்ளிக்கெழம, அந்த மையத்துக்கு, அவ தனியாப் போனதுக்கு... அந்தப் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸ உட்டுட்டு உக்காந்திருந்ததுக்கு... எப்படிச் சொல்றது. நான் கூடப் போயிருக்கோணும். அவ்வளவுதான். கூடப் போயிருக்கோணும்னு சொன்னாருன்னு சொல்லுங்க. என்னால முடியிலீங்க, வாயில தையலு பிரிச்சு வருசமாச்சு, இன்னும் வரல.

வந்துட்டனுங்க நர்சம்மா, இருவத்தொம்பது நாந்தான், வந்துட்டன்!

சொல்லிருவீங்கல்லோ? அவ ஏதாச்சும் பதில் சொன்னா ஞாபகம் வெச்சுக்குங்க. ஒண்ணும் சொல்லலீன்னா, அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லுங்க.